வீட்டில் எழுத்து விளையாட்டு

பிற மாநிலங்களில் வளரும் நம் குழந்தைகள் பலர் தமிழ் பேசுகின்றனர். ஆயினும், ஊரிலிருந்து பாட்டி எழுதும் நான்கு வரிகளை வேறொருவர்தாம் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. பள்ளியில் தமிழ் இல்லாதவிடத்து வீடே பள்ளியாதல் வேண்டும்.

எழுத்துக்கள் 247 என்று அஞ்ச வேண்டுவதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. துணைக்குறிகளை அறிந்தால் உயிர்மெய் 216-இல் பெரும்பாலானவை தாமே அமையும். உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டும் தனிப் பயிற்சி தேவை.

அகரத்தின் சுழியிலேயே தொடங்க வேண்டும் என்பதில்லை. இரண்டு ஈர்க்குகளைச் சேர்த்தால் ‘ட’. மூன்றைச் சேர்த்தால் ‘ப’. அதன் வலக்கோட்டை உள்ளே வளைத்து இறக்கினால் ‘ம’. மேலே ஒரு புளியங்கொட்டையை வைத்தால் ‘ம்’. இம்மூன்று எழுத்துக்களிலேயே படம், மடம், பட்டம், மட்டம் என்னும் சொற்கள் பிறக்கின்றன. முதல் நாளே ஒரு சொல்லைப் படித்துவிட்டோம் என்ற பெருமிதம் குழந்தைக்கு உண்டாகும். சுழியுள்ள எழுத்துக்களைப் பின்னர் அரிசி பரப்பிய தட்டில் விரலால் எழுதச் செய்யலாம்.

நாகரி பயிலும் குழந்தை ஓர் ஐயம் எழுப்பும்: அங்கே ‘க’ முதலாக நான்கு எழுத்துக்கள் நிற்குமிடத்தில், தமிழில் ஒன்றே நிற்பது ஏன்? கல், தங்கம், பகல் என்று உரக்கச் சொல்லச் செய்யுங்கள். சொல்லின் முதலிலும், மெல்லினத்தை அடுத்தும், உயிரொலிகளுக்கு இடையிலும் அவ்வொரே எழுத்து ஒலி மாறுவதைச் செவியே உணர்த்தும்.

நாள்தோறும் பத்து நிமிடம் போதும். குழந்தை சலிப்பதற்கு முன்னரே விளையாட்டை நிறுத்துங்கள். மறுநாள் ஈர்க்குகளைத் தேடி அதுவே வரும்.