வாடகை வாங்காத மேகம்

2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசி. அமெரிக்காவில் கார்வாலிஸ் என்ற சிறிய ஊரில் இருந்து ஒரு கடிதம் வெளியாயிற்று.

இரண்டரை லட்சம் டாலர் வேண்டும். மே மாதம் 14-ந் தேதிக்குள் அதற்கு வாக்குறுதி கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த ஆண்டிலேயே கூடத்தை மூடிவிட வேண்டியதுதான். இதுதான் கடிதத்தின் சாரம்.

இரண்டரை லட்சம் டாலர் என்றால், நம் பணத்தில் சுமார் 2 கோடி ரூபாய்.

கடிதம் எழுதியவர் லான்ஸ் ஆல்பர்ட்சன். ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ள "திறந்த மூலக் கூடம்" என்ற நிலையத்தின் இயக்குநர்.

கடிதத்தைப் பார்த்துப் பல நாடுகளில் உள்ள கம்ப்யூட்டர் நிபுணர்கள் திடுக்கிட்டார்கள். அவர்களில் பலர் கார்வாலிஸ் ஊரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவர்களுடைய வேலை அந்த ஊரில்தான் குடியிருந்தது!

அது எப்படி? அந்தக் கூடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஒளிக்காத பக்குவம்

ஓர் ஓட்டலில் சாம்பார் மிகவும் ருசியாக இருக்கிறது. "பொடியில் என்ன சேர்க்கிறீர்கள்?" என்று கேட்டால் முதலாளி சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார். அது அவருடைய தொழில் ரகசியம்.

இன்னொருவர் இருக்கிறார். பொடியின் பக்குவத்தைச் சுவரிலேயே எழுதி வைத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் பார்த்து அரைத்துக்கொள்ளலாம். "கொஞ்சம் தனியா கூடுதலாகப் போட்டால் நன்றாக இருக்கும்" என்று ஒருவர் சொன்னால், அதையும் சேர்த்து எழுதிவிடுவார். நாளுக்கு நாள் பொடியின் ருசி கூடுகிறது.

கம்ப்யூட்டரை ஆட்டி வைக்கும் கட்டளைகளின் தொகுப்புக்கு மென்பொருள் என்று பெயர். அதிலும் இந்த இரண்டு வகை உண்டு. கட்டளைகளை மறைத்து வைத்து விற்பது ஒரு வகை. எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்து, இனாமாகக் கொடுப்பது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைதான் "திறந்த மூல மென்பொருள்".

1991-ம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் இப்படி ஒரு மென்பொருளை எழுதி வெளியிட்டார். அதுதான் லினக்ஸ். பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் அதைத் திருத்தினார்கள், வளர்த்தார்கள். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு அடித்தளமாக இருப்பது லினக்ஸ்தான். உங்கள் வீட்டுக் கைப்பேசியிலும் அது இருக்கலாம்!

மென்பொருளை இனாமாகக் கொடுக்கலாம். ஆனால் அதை வைப்பதற்கு ஓர் இடம் வேண்டாமா? கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்க ஒரு எந்திரம் வேண்டாமா? அந்த எந்திரத்துக்கு மின்சாரம் வேண்டாமா?

வேண்டும். மின்சாரம் இனாமாக வருவதில்லை.

பெல்ஜியத்தில் வந்த சங்கடம்

20 ஆண்டுகளுக்கு முன்பு இந்தச் சங்கடத்தில் சிக்கியவர், பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த டிரைஸ் பைடார்ட்.

அவர் "ட்ரூப்பல்" என்ற மென்பொருளை உருவாக்கியவர். பள்ளிக்கூடம், பத்திரிகை, அரசாங்க இலாகா என்று யாராக இருந்தாலும், இண்டர்நெட்டில் தங்களுக்கென்று ஓர் இடம் அமைத்துக்கொள்ள உதவும் மென்பொருள் அது. அதையும் இனாமாகவே கொடுத்தார்.

நாளாக ஆகக் கூட்டம் கூடியது. வாடகைக்கு எடுத்திருந்த எந்திரம் திணறியது. 2005-ம் ஆண்டில் ஒரு நாள் அது பாரம் தாங்காமல் நின்றேவிட்டது.

டிரைஸ் தயங்கவில்லை. தம் நிலைமையைச் சொல்லி, புதிய எந்திரம் வாங்க 3 ஆயிரம் டாலர் வேண்டும் என்று கேட்டார்.

24 மணி நேரத்தில் 10 ஆயிரம் டாலர் குவிந்தது! சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கம்பெனி ஓர் எந்திரத்தையே அன்பளிப்பாகக் கொடுத்தது.

எந்திரம் வந்துவிட்டது. அதை எங்கே வைப்பது? இரவும் பகலும் யார் பார்த்துக்கொள்வது?

"இங்கே கொண்டு வந்து வையுங்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று முன்வந்தது கார்வாலிஸ் கூடம். வாடகை கேட்கவில்லை.

ட்ரூப்பல் மட்டும் அல்ல. 2003-ம் ஆண்டில் தொடங்கிய இந்தக் கூடம் நூற்றுக்கும் மேற்பட்ட மென்பொருள் குழுக்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. 2004-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி "பயர்பாக்ஸ்" முதல் பதிப்பு வெளிவந்தது. முதல் நாளிலேயே சுமார் 10 லட்சம் பிரதிகள் எடுக்கப்பட்டன. அதை எடுத்துக் கொடுத்த எந்திரங்களில் கார்வாலிஸ் எந்திரங்களும் உண்டு. லினக்ஸின் பிரதிகளை உலகத்துக்கு விநியோகிக்கும் எந்திரங்களும் பல ஆண்டுகள் இங்கே இருந்தன.

மழை பெய்யாத மேகம்

முதலில் ஆளுக்கு ஓர் எந்திரம் என்று வைத்துப் பார்த்தார்கள். ஆட்கள் பெருகப் பெருக அது கட்டுப்படியாகவில்லை. ஒருவருடைய எந்திரம் நாள் முழுவதும் சும்மா கிடக்கும். பக்கத்து எந்திரமோ மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். இந்த வீண் செலவைக் குறைக்க வந்த ஏற்பாடுதான் "மேகம்".

வானத்து மேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. "என் படங்களை மேகத்தில் வைத்திருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், எங்கோ ஒரு கட்டிடத்தில் உள்ள கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

அந்த இடத்தை ஒரு தடவை மனக்கண்ணால் பார்ப்போம். பெரிய அறை. பீரோ உயரத்துக்கு இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் தட்டுத் தட்டாகக் கம்ப்யூட்டர்கள். அவற்றின் காற்றாடிகள் போடும் இரைச்சல் ஓய்வதே இல்லை. எந்திரங்கள் சூடேறாமல் இருக்கக் குளிர்ந்த காற்று வந்துகொண்டே இருக்கிறது. மின்சாரம் நின்றால் கைகொடுக்க பாட்டரிகள் காத்திருக்கின்றன.

இதுதான் மேகம்!

நம் ஊர்களில் ஒண்டுக் குடித்தனம் உண்டு. ஒரே வீடு, உள்ளே ஏழெட்டுக் குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அறை, தனிப் பூட்டு, தனி அடுப்பு. மேகமும் அதைப் போலத்தான். ஒரு பெரிய கம்ப்யூட்டரைப் பல பகுதிகளாகப் பிரித்து விடுகிறார்கள். ஒவ்வொரு குடித்தனக்காரருக்கும் தம் பகுதி ஒரு முழுக் கம்ப்யூட்டராகவே தோன்றும். பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்பது தெரியாது.

ஆனால் சாதாரண வீட்டில் செய்ய முடியாத ஒரு வித்தை இங்கே உண்டு. எந்திரத்தில் பழுது பார்க்க வேண்டுமா? குடித்தனக்காரரை அப்படியே பக்கத்து எந்திரத்துக்கு மாற்றிவிடலாம். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டே இருக்கும். வீடு மட்டும் மாறிவிடும்!

யாருக்கு எந்த அறை, யாருக்கு எவ்வளவு இடம், எந்தச் சாவி யாரிடம் என்பதை எல்லாம் கவனிக்க ஒரு மணியக்காரர் வேண்டும் அல்லவா? அந்த வேலையைச் செய்வதும் ஒரு மென்பொருள்தான். அதன் பெயர் "ஓப்பன்ஸ்டாக்". 2010-ம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி ஆய்வு அமைப்பான நாசாவும் ராக்ஸ்பேஸ் என்ற கம்பெனியும் சேர்ந்து அதை வெளியிட்டன. அதுவும் இனாம்தான். கார்வாலிஸ் கூடம் அதைக் கொண்டே தன் மேகத்தை நடத்துகிறது.

வாடகை மேகமும் சொந்த மேகமும்

பெரிய கம்பெனிகளிடம் மேகம் வாடகைக்குக் கிடைக்கிறதே, அதை எடுத்துக்கொண்டால் என்ன?

எடுக்கலாம். 2006-ம் ஆண்டு முதல் அமேசான் கம்பெனி கம்ப்யூட்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. அது ஓட்டல் அறையைப் போன்றது. ஒரு நாள் தங்குவதற்குச் சுகம். குடும்பத்தோடு ஆண்டு முழுவதும் தங்கினால், பில்லைப் பார்த்ததும் தலை சுற்றும்.

திறந்த மூலக் குழுக்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பகலில் ஏதோ ஒரு உத்தியோகம். இரவில் இந்த வேலை. மாதா மாதம் பில் கட்ட அவர்களிடம் பணம் ஏது?

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு தொண்டர் ஒரு வரியைத் திருத்தினாலும், மென்பொருள் முழுவதையும் மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். அதையும் ஒரு வகைக் கம்ப்யூட்டரில் சோதித்தால் போதாது. வீட்டுக் கம்ப்யூட்டரின் மூளை ஒரு வகை. கைப்பேசியின் மூளை ஒரு வகை. ஐ.பி.எம். கம்பெனியின் பெரிய எந்திரங்களின் மூளை வேறொரு வகை. அந்தப் பெரிய எந்திரத்தைத் தனி ஆள் வாங்க முடியுமா? கார்வாலிஸ் கூடத்தில் இந்த மூன்று வகையும் இருக்கின்றன. தகுதியுள்ள குழு கேட்டால், இனாமாகவே ஓர் அறை கிடைக்கும்.

மாணவர் கையில் சாவி

இவ்வளவு பெரிய வீட்டைப் பராமரிக்கிறவர்கள் யார்? அனுபவம் உள்ள சில ஊழியர்களும், அவர்களிடம் வேலை கற்கும் பல்கலைக்கழக மாணவ–மாணவிகளும்தான்.

வேலை லேசானது அல்ல. தகவலைச் சேமிக்கும் தட்டு ஒன்று திடீரென்று செத்துப்போகும். அதைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். தகவலைப் பல தட்டுகளில் பிரதி எடுத்து வைப்பதால், ஒரு தட்டு போனாலும் பொருள் போகாது. ஆனால் அடுத்த தட்டு போவதற்குள் மாற்றிவிட வேண்டும்! புதிய குழு இடம் கேட்டு எழுதும். பதில் சொல்ல வேண்டும். ஒரு குடித்தனக்காரர் எல்லாத் தண்ணீரையும் இறைத்துவிட்டால், மற்றவர்களுக்கு இல்லாமல் போகும். அளவு வைக்க வேண்டும். பூட்டில் ஓட்டை இருப்பதாகச் செய்தி வந்தால், திருடன் வருவதற்குள் எல்லாப் பூட்டுகளையும் மாற்ற வேண்டும்.

புத்தகத்தில் படிப்பது வேறு. உலகமே நம்பியிருக்கும் எந்திரத்தில் கை வைப்பது வேறு. இங்கே பழகிய மாணவர்களில் ஒருவர் அலெக்ஸ் போல்வி. அவர் பிறகு நண்பர்களுடன் சேர்ந்து "கோர்ஓஎஸ்" என்ற கம்பெனியைத் தொடங்கினார். 2018-ம் ஆண்டில் ரெட்ஹாட் கம்பெனி அதை 25 கோடி டாலருக்கு விலை பேசி வாங்கியது.

25 கோடி டாலர்! 2025-ம் ஆண்டில் கூடம் கேட்ட தொகையைப்போல அது ஆயிரம் மடங்கு.

நெருக்கடி ஏன் வந்தது?

கூடத்தின் வரவுக்கு முக்கிய வழி நன்கொடை. இனாம் மென்பொருளால் பெரிய லாபம் அடையும் கம்பெனிகள் உண்டு. அவற்றில் சில நன்கொடை கொடுத்து வந்தன. நாளடைவில் அந்த வரவு குறைந்தது.

பல ஆண்டுகள் பற்றாக்குறையிலேயே வண்டி ஓடியது. விழுந்த துண்டைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி கட்டி வந்தது. 2025-ம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கே பண நெருக்கடி வந்தது. "இனி எங்களால் தாங்க முடியாது" என்ற நிலை ஏற்பட்டது.

அதன் பிறகுதான் அந்தக் கடிதம்.

அத்தனை குழுக்களும் ஒரே சமயத்தில் மூட்டை முடிச்சைக் கட்டினால் எங்கே போவது? பணம் உள்ள குழு வேறு இடம் தேடிக்கொள்ளும். பணம் இல்லாத சிறிய குழு? அதன் மென்பொருளை நம்பியிருக்கும் ஆயிரக்கணக்கான பேர்? அவர்களுக்கு இப்படி ஒரு கூடம் இருப்பதே தெரியாது. கதவு சாத்தப்பட்ட பிறகுதான் தெரிந்திருக்கும்.

நல்லவேளை, கதவு சாத்தப்படவில்லை. கடிதத்தைக் கண்டு பலர் கைகொடுத்தார்கள். அந்த ஆண்டை ஓட்டுவதற்கு வேண்டிய ஆதரவு சேர்ந்தது.

2005-ம் ஆண்டில், இடம் இல்லாமல் நின்ற குழுவுக்குக் கூடம் இடம் கொடுத்தது. 20 ஆண்டுகள் கழித்துக் கூடத்துக்கே இடம் இல்லாமல் போக இருந்தது. அப்போது, அதன் நிழலில் இருந்தவர்கள் அதற்குத் தோள் கொடுத்தார்கள்.

நம் முன்னோர்கள் வழிப்போக்கர்களுக்காகச் சத்திரம் கட்டினார்கள். வந்து தங்குகிறவன் வாடகை கொடுப்பதில்லை. ஆனால் புத்தியுள்ளவர்கள் சத்திரத்தைக் கட்டியதோடு நிறுத்தவில்லை. விளக்குக்கு எண்ணெய் வாங்கவும், கூரைக்கு ஓடு மாற்றவும் நாலு காணி நிலத்தையும் சேர்த்து எழுதி வைத்தார்கள். நிலம் உள்ள சத்திரங்களில் விளக்கு எரிந்தது. மற்றவை பாழடைந்தன.

கார்வாலிஸ் சத்திரத்துக்கு நிலம் இல்லை. அதன் எந்திரங்கள் இன்னும் இரைந்துகொண்டுதான் இருக்கின்றன. செலவு மட்டும் மாதா மாதம் தவறாமல் வருகிறது.