சிறு விமானங்களுக்கு எமனாகும் 'ட்ரோன்' விளையாட்டு

பெங்களூரில் விமானக் கண்காட்சி வந்தால் எலஹங்கா வட்டாரத்து இறைச்சிக் கடைகளுக்குப் பூட்டு விழும். 2025-ம் ஆண்டு பிப்ரவரியில் நடந்த கண்காட்சியை முன்னிட்டு, ஜனவரி 23 முதல் பிப்ரவரி 17 வரை விமானப் படைத் தளத்தைச் சுற்றி 13 கிலோமீட்டருக்கு இறைச்சி விற்பனை கூடாது என்று மாநகராட்சி உத்தரவு போட்டது. கடைக்காரர்களின் வயிற்றுப்பாட்டை நினைத்தால் பாவம்தான். ஆனாலும் காரணம் நியாயமானது. கழிவைத் தேடிப் பருந்து வரும். வந்த பருந்து விமானத்தில் மோதும்.

பருந்துக்கே இந்தக் கெடுபிடி. பருந்தை விடக் கடினமான ஒரு பொருள் இன்று மொட்டை மாடிகளிலிருந்து ஆகாயத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. கல்யாண ஊர்வலத்தைப் படம் பிடிக்கவும், ஏரிக்கரையில் பொழுது போக்கவும் பறக்க விடுகிறார்களே, அந்த 'ட்ரோன்' எனப்படும் ஆளில்லாக் குட்டி விமானம்தான் அது.

இதனால் பெரிய ஜெட் விமானங்களை விடச் சிறு விமானங்களுக்கே கவலை அதிகம். ஜெட் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டுமே தாழ்வாகப் பறக்கிறது. நான்கு பேர் அமரும் ஒற்றை எஞ்சின் விமானமோ பெரும்பாலும் தாழ்வாகவே பறப்பது. பயிற்சி பெறும் மாணவரின் கையில் அது இருக்கவும் கூடும்.

பெங்களூரில் இத்தகைய விமானங்களுக்குப் பஞ்சமில்லை. பெல்லாரி சாலையில் ஹெப்பாளத்தைத் தாண்டினால் ஜக்கூர். மாநில அரசின் விமானப் பயிற்சிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது. பள்ளி தொடங்கிய காலத்தில் சுற்றிலும் வயல்கள். இன்று அடுக்கு மாடிக் கட்டிடங்கள். அதே சாலையில் மேலே போனால் எலஹங்கா தளம், அதற்கும் அப்பால் தேவனஹள்ளி. கிழக்கே எச்.ஏ.எல். நிலையத்திலிருந்து 2008 மே மாதத்தில் பிரயாணி விமானங்கள் தேவனஹள்ளிக்குப் போய்விட்டனவே தவிர, அந்த ஓடுபாதை ஓய்ந்துவிடவில்லை.

விமானிக்குக் கண் இல்லையா?

ட்ரோன் வருவது தெரிந்தால் விமானி விலகிப் போகலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது எளிதல்ல என்பது விளங்கும்.

இறங்க வரும் சிறு விமானம் மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வினாடிக்கு 33 மீட்டர். எதிரே உள்ள பொருளைக் கண்டு, மோதும் என்று உணர்ந்து, விமானத்தைத் திருப்பி விலக 12.5 வினாடி வேண்டும் என்பது அமெரிக்க விமானத் துறையின் கணக்கு. அதாவது, 400 மீட்டருக்கு முன்பே ட்ரோன் கண்ணில் பட்டாக வேண்டும். ஓரடி அகலமுள்ள ட்ரோனை 400 மீட்டருக்கு அப்பால் காண்பது, பத்து மீட்டர் தள்ளி நிற்பவர் கையிலுள்ள பட்டாணியைக் காண்பது போல. அதுவும் கீழே வீடுகளும் மரங்களும் பின்னணியாக இருக்கையில்!

கனடாவில் நடந்தது

2021 ஆகஸ்ட் 10-ம் தேதி கனடாவின் பட்டன்வில் நிலையத்தில் 'செஸ்னா 172' ரக விமானம் ஒன்று இறங்க வந்துகொண்டிருந்தது. உள்ளே ஆசிரியரும் மாணவரும். திடீரென ஓர் அதிர்ச்சி. பறவை மோதியது என்றே நினைத்தார்கள். பத்திரமாக இறங்கிய பிறகுதான் எஞ்சின் மூடி நசுங்கியிருப்பதும், சுழல் விசிறி அடிபட்டிருப்பதும் தெரிந்தது. மோதியது போலீசாரின் ட்ரோன்! ஏதோ பணிக்காக 400 அடி உயரத்தில் அசையாமல் நின்றிருக்கிறது. அதை இயக்கியவர் பயிற்சி பெற்றவர். கூடவே வானத்தைக் கவனிக்க ஓர் ஆளும் இருந்தார். இருந்தும் விமானம் வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. போலீசாருக்கே இந்தக் கதி என்றால், திரையில் மணமக்களைத் தேடிக்கொண்டிருக்கும் படப்பிடிப்பாளரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பறவையின் உடல் சதையும் எலும்பும். ட்ரோனிலோ மோட்டார், பாட்டரி, காமிரா. 2018-ல் அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், ஒரு கிலோவுக்குச் சற்றே குறைந்த ட்ரோனை மணிக்கு 383 கிலோமீட்டர் வேகத்தில் சிறு விமானத்தின் இறக்கை மீது ஏவிப் பார்த்தார்கள். அது இறக்கையைத் துளைத்து உள்ளே புகுந்து, இறக்கையைத் தாங்கும் முக்கியச் சட்டத்தையே சேதப்படுத்தியது. அதே எடையுள்ள செயற்கைப் பறவை அவ்வளவு ஆழம் போகவில்லை. அந்த வேகம் நடைமுறைக்கு ஒவ்வாதது என்று ட்ரோன் கம்பெனி ஆட்சேபித்தது. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. எனினும் பட்டன்வில் விமானம் மெதுவாகத்தானே வந்தது?

சட்டம் சொல்வது

இந்தியாவில் 2021 ஆகஸ்டில் ட்ரோன் விதிகள் வந்தன. விமான நிலைய எல்லையிலிருந்து 5 கிலோமீட்டர் வரை சிவப்பு மண்டலம். மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது. 5 முதல் 8 கிலோமீட்டர் வரை மஞ்சள். விமானக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். 8 முதல் 12 வரை 200 அடிக்கும், அதற்கு அப்பால் 400 அடிக்கும் மேலே போகக் கூடாது. ஆள் ஏறிய விமானத்துக்கு ட்ரோன்தான் வழிவிட வேண்டும். மீறினால் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். முருகேஷ்பாளையத்தின் மாடியில் நிற்பவருக்கு எச்.ஏ.எல். ஓடுபாதை கூப்பிடு தூரம். அங்கே பறக்க விட யோசிக்கவே இடமில்லை.

250 கிராமுக்கு உட்பட்ட ட்ரோனை இயக்கச் சான்றிதழ் தேவையில்லை. இதை வைத்து, குட்டி ட்ரோனுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. மண்டல விதி எல்லா ட்ரோனுக்கும் உண்டு.

குட்டி ட்ரோன் என்ன செய்யும் என்பதை லாஸ் ஏஞ்சலீஸ் பார்த்துவிட்டது. 2025 ஜனவரி 9-ம் தேதி, காட்டுத் தீயை அணைக்கத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையில் ஒரு ட்ரோன் மோதி ஓட்டை போட்டது. தீயை வேடிக்கை பார்க்க ஒருவர் வாகன நிறுத்தக் கட்டிடத்தின் மாடியிலிருந்து ஏவியது அது. இரண்டரை கிலோமீட்டர் தூரம் போனதும் அவர் கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிட்டது. எடை 250 கிராமுக்கு உட்பட்ட ரகம்! விமானி சமாளித்து இறக்கிவிட்டார். ஆனால் தீ எரிந்துகொண்டிருந்த நாட்களில் விமானம் பழுது பார்க்கும் இடத்தில் கிடந்தது. ட்ரோனை ஏவியவர் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 65 ஆயிரம் டாலருக்கு மேல் நஷ்ட ஈடு கட்டச் சம்மதித்தார்.