தலைநகரைக் காண்போம், வரலாற்றை அறிவோம்

பள்ளி விடுமுறையிலும் பண்டிகைக் காலத்திலும் தோட்டப்புறங்களிலிருந்து கோலாலம்பூருக்குச் சென்று வரும் குடும்பங்கள் பல. துணிமணி வாங்குவர், பத்துமலை முருகனை வணங்குவர், 452 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து நோக்கிவிட்டு மாலையில் வீடு திரும்புவர். இவை யாவும் வேண்டுவனவே. ஆயினும், தலைநகரம் என்பது கடைவீதி மட்டுமன்று. இந்நாடு எவ்வாறு உருவாயிற்று, எவர் உழைத்தனர், எவர் உயிர் நீத்தனர் என்பதைக் கல்லிலும் வெண்கலத்திலும் பதித்து வைத்திருக்கும் இடமும் அதுவே. அதில் தோட்டத் தொழிலாளருக்கும் பங்குண்டு. ஒரு நாளை ஒதுக்கி அதனைக் கண்டு வரும் வழியை இங்குக் கூற விழைகின்றோம்.

முதலில் தேசிய அரும்பொருளகத்திற்குச் செல்வது நன்று. மலாய் மொழியில் இது மூசியம் நெகாரா எனப்படும். கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி நடந்தே அடையலாம். இவ்விடத்தில் முன்பு சிலாங்கூர் அரும்பொருளகம் இருந்தது. 1945ஆம் ஆண்டில், போரின் இறுதிக் காலத்தில், விமானக் குண்டு விழுந்து அதன் ஒரு பகுதி அழிந்தது. பின்னர் எழுப்பப்பட்ட இன்றைய கட்டடம் 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் திறக்கப்பெற்றது. மலாய் மரபைத் தழுவிய கூரையும், முகப்பின் இருபுறமும் நாட்டின் வரலாற்றையும் கைத்தொழில்களையும் காட்டும் பெருஞ்சித்திரங்களும் இதன் சிறப்பு. உள்ளே நான்கு கூடங்கள் உள. தொல்பழங்காலம், மலாய் அரசுகள், குடியேற்ற ஆட்சி, இன்றைய மலேசியா என்ற வரிசையில் அவற்றைக் காண்பது முறையாகும்.

குடியேற்ற ஆட்சிக் காலத்தைப் பார்க்கும்பொழுது சற்று நின்று சிந்திக்க வேண்டும். 1877ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்த இரப்பர்க் கன்றுகள் 22 மட்டுமே. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. கன்றைக் கொணர்ந்தவர் பெயர் ஏட்டில் உண்டு. காட்டை வெட்டி, கன்று நட்டு, விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சுமந்தவர் பெயர் பெரும்பாலும் இல்லை. அவர்கள் நம் பாட்டனாரும் பாட்டிமாரும் ஆவர். பெயர் இல்லாவிடினும் உழைப்பு பொய்யாகாது என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க இதைவிட ஏற்ற இடம் வேறில்லை.

அடுத்து, ஏரிப் பூங்காவின் அருகேயுள்ள தேசிய நினைவுச் சின்னம். 1966ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் திறக்கப்பெற்ற இந்த வெண்கலச் சிலை 15 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. அமெரிக்காவில் இத்தகைய நினைவுச் சின்னமொன்றைக் கண்ட துங்கு அப்துல் ரஹ்மான், அதனைச் செய்த பெலிக்ஸ் டி வெல்டனிடமே இப்பணியை ஒப்படைத்தார். இதில் ஏழு உருவங்கள் உள்ளன. இருவர் வீழ்ந்து கிடக்கின்றனர். உலகப் போரிலும், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்திலும் உயிரீந்தோரை இது நினைவூட்டுகின்றது. அவசரகாலம் தோட்டங்களுக்குப் புதிய செய்தியன்று. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று நிர்வாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே அது பிறப்பிக்கப்பட்டது. ஊரடங்கையும் உணவுக் கட்டுப்பாட்டையும் மூத்தோர் சொல்லக் கேட்டிருப்போம்.

பின்னர் மெர்டேக்கா சதுக்கம். 1897இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் மாளிகையின் எதிரேயுள்ள இத்திடலில்தான், 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி, நம் கொடி ஏறியது.

நேரமிருப்பின் பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையையும் காண்க. 1960ஆம் ஆண்டு, வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்குவதற்குத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்த பெருமகனார் பெயரை அச்சாலை தாங்கியுள்ளது.

பயணத்திற்குச் சில குறிப்புகள். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து பேருந்து அமர்த்தினால் செலவு குறையும். திறப்பு நேரத்தையும் கட்டணத்தையும் முன்கூட்டியே விசாரித்தறிக. பழுதுபார்ப்பிற்காகச் சில கூடங்கள் மூடப்படுவதும் உண்டு. உணவும் நீரும் கொண்டு செல்க. கூடங்களின் உள்ளே உண்ணாதீர். காட்சிப் பொருள்களைத் தொடாதீர்.

விளக்கக் குறிப்புகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். படிக்க இயலவில்லையே என்று பெற்றோர் கூச்சமுற வேண்டியதில்லை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளை உரக்கப் படித்துப் பொருள் கூறட்டும். தாயும் தந்தையும் கேட்கட்டும். பின்னர், தாம் அறிந்த தோட்டத்துக் கதையைப் பெற்றோர் சொல்லட்டும்; பிள்ளை கேட்கட்டும். 2013ஆம் ஆண்டு முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி கட்டாயமாயிற்று. நூலில் மட்டும் படித்த ஆண்டு மறந்துபோகலாம். பெற்றோர் கைப்பிடித்து நின்று கண்டது மறவாது.

நம் உழைப்பில் வளர்ந்த நகரம் அது. அங்கு விருந்தினராக அன்று, உரிமையுடையோராகச் சென்று காண்போமாக.