தாலி ஊரில், முத்திரை தில்லியில்

கல்யாணம் கும்பகோணத்தில் நடந்திருக்கலாம், தில்லி ஆர்.கே.புரம் மலை மந்திரில் நடந்திருக்கலாம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவரிடமோ மனைவியிடமோ போய்ச் சேரக் குடியிருப்பு அனுமதி கேட்கும்போது, கோயில் ரசீதையும் பத்திரிகையையும் நம்பிப் பயனில்லை. அரசுப் பதிவேட்டிலிருந்து எடுத்த திருமணச் சான்றிதழ் வேண்டும்.

எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய ஏற்பாடு செய்யுமாறு உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரியில், சீமா எதிர் அஸ்வனி குமார் வழக்கில் உத்தரவிட்டது. தமிழ்நாட்டின் 2009 சட்டம் 90 நாள் கெடு வைத்தது. தில்லியின் 2014 ஆணை 60 நாள். தில்லியில் இந்தப் பதிவு எஸ்.டி.எம். (சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட்) அலுவலகத்தில்.

அடுத்தது, சான்றிதழை வெளிநாட்டில் ஏற்பதற்காக வெளியுறவு அமைச்சகம் தரும் அப்போஸ்டில். பலர் நினைப்பதுபோல அது திருமணம் உண்மை என்று சொல்லும் முத்திரை அல்ல. சான்றிதழில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் அசல் என்று மட்டுமே சொல்கிறது. அதனால்தான் மாநில அரசு முதலில், வெளியுறவு அமைச்சகம் பிறகு என்ற வரிசை. அப்போஸ்டிலுக்கு அடிப்படையான 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005 ஜூலை 14 முதல் நடப்பில் இருக்கிறது. தில்லி பட்டியாலா ஹவுஸ் வளாகத்து அமைச்சக அலுவலகத்தில் நேரே போய்க் காகிதம் நீட்ட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்சி வழியாகத்தான் கொடுக்க வேண்டும். 2019 முதல் சென்னையிலும் இந்த வேலை நடப்பதால், இதற்காக மட்டும் தில்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏற வேண்டியதில்லை.

போகும் நாட்டைப் பொறுத்து எல்லாம் மாறும். ஐக்கிய அரபு அமீரகம் உடன்படிக்கையில் இல்லை. நம் அமைச்சக அட்டெஸ்டேஷனுக்குப் பின் அமீரகத் தூதரகம், அதற்கும் பின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் என்று காகிதம் நடக்கும். உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்ததை ஜெர்மனி ஆட்சேபித்ததால் அங்கே நம் அப்போஸ்டில் செல்லாது. ஜெர்மன் தரப்பே ஊரில் ஆள் வைத்து விசாரித்துச் சரிபார்க்கும், அதன் செலவு விண்ணப்பதாரர் தலையில். அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகியவை துணைவர் விண்ணப்பத்துக்கு அப்போஸ்டிலைப் பொதுவாகக் கேட்பதே இல்லை. ஆங்கிலத்தில் இல்லாத சான்றிதழுக்கு முறையான மொழிபெயர்ப்பும், இல்லறம் மெய்யானது என்பதற்கான ஆதாரங்களும்தான் அங்கே முக்கியம். ஏஜென்ட் சொன்னார் என்று பணம் கட்டும் முன், அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் பட்டியலை நாமே ஒருமுறை படித்துவிடுவது மேல்.

தமிழர்களை உண்மையில் சிக்க வைப்பது இனிஷியல். சான்றிதழில் 'ஆர். லட்சுமி', பாஸ்போர்ட்டில் 'லட்சுமி ராமசாமி', பள்ளிச் சான்றிதழில் வெறும் 'லட்சுமி'. நமக்கு மூவரும் ஒருவர். வேறு நாட்டு அதிகாரிக்கு மூன்று பேர். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு அமீரகம் 2022 நவம்பரில் விசிட் விசா கதவைச் சாத்தியது நினைவிருக்கும். பதிவுக்கு மனுப் போடும்போதே இருவர் பெயரையும் பெற்றோர் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து பிசகாமல் கொடுத்துவிட்டால் பாதி தொல்லை இல்லை. ஏற்கெனவே பிசகியிருந்தால், பதிவு அலுவலகத்தில் திருத்தம் கேட்பதே முதல் வழி. வெவ்வேறு பெயர்களும் ஒருவருடையவையே என்ற நோட்டரி உறுதிமொழிப் பத்திரத்தைச் சில நாடுகள் ஏற்கும், சில ஏற்காது.

ஒன்று விட்டுப்போனது: சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். முத்திரையும் ஸ்டிக்கரும் விழ வேண்டியது அதன் முதுகில்தான்.