ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர்?

சிவகாசிப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் டிவிஎஸ் 50 வண்டியைக் கிலோ கணக்கில்தான் எடை போடுகிறார்கள். டேங்க் தனி, சைலன்சர் தனி, இன்ஜினில் இருக்கும் அலுமினியம் தனி. அதே வண்டியைப் பெருநகரங்களில் வசதியுள்ளவர்கள் தேடி வாங்கி, பளபளப்பாக்கி, கண்காட்சியில் நிறுத்துகிறார்கள். எடைக்குப் போடவும் இல்லாமல், பார்வைக்கு வைக்கவும் இல்லாமல், மூன்றாவது ஒரு காரணத்துக்காக எங்கள் காலனி வீட்டு முற்றத்தில் ஒரு டிவிஎஸ் 50-ஐப் பிரித்துப் பூட்டினோம். தீபாவளி முடிந்து பட்டாசு ஆபீஸ்கள் மூடிக் கிடந்த வாரங்களில் தொடங்கிய வேலை அது. அந்த வண்டியைப் பற்றியும், அதன் புத்தகத்தில் இருக்கும் பெயரைப் பற்றியும் இந்த வாரம் பேசுவோம்.

ஓசூர் ஆலையிலிருந்து 1980இல் டிவிஎஸ் 50 வெளிவந்தது. இருவர் உட்கார்ந்து போகத் தோதாக இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மொபெட் அதுதான். 50 சி.சி.க்குச் சற்றுக் குறைந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜின். கியர் கிடையாது. பெடலை மிதித்துக் கிளப்ப வேண்டும். பெட்ரோல் தீர்ந்துபோனால் சைக்கிள்போல மிதித்தே வீடு வந்து சேரலாம். கூலிக்காரக் குடும்பம் எட்டிப் பிடிக்கக்கூடிய மோட்டார் வண்டியாக அது இருந்தது. மீன் கூடை, ஐஸ் பெட்டி, பால் கேன், ஆட்டுக்குத் தழை, தண்ணீர்க் குடம் என்று அது சுமக்காத சுமை இல்லை. நம் கரிசல் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வீடுகளுக்கு ஒட்டப் போகும் அட்டைக் கட்டுகளையும் அதுவே சுமந்தது.

எங்கள் அப்பா தீப்பெட்டி ஆபீஸில் சுமை வேலை பார்த்தவர். 1991இல் கடைக்காரர் ஒருவரிடம் இந்த வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். பணத்தை மூன்று தவணையில் கட்டி முடித்தார். வண்டி வந்தது, சாவி வந்தது, புத்தகமும் கைக்கு வந்தது. புத்தகத்தில் பெயர் மட்டும் மாறவில்லை. "புத்தகம்தான் உன்கிட்ட இருக்கே, பேரு எதுக்கு?" என்றே விற்றவர் நாளைக் கடத்தினார். அப்பா சலிக்காமல் நான்கைந்து முறை நடந்தார். இன்று அப்பாவும் இல்லை, விற்றவரும் இல்லை. புத்தகத்தில் அந்தக் கடைக்காரரின் பெயர் மட்டும் இருக்கிறது.

இது ஒரு வீட்டுக் கதை என்றால் இந்தப் பத்தியில் எழுத வேண்டியதில்லை. நம் காலனிகளில் ஓடும் பழைய வண்டிகள் பலவும் இப்படி வேறொருவர் பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வண்டியும் தெருவும்

வண்டி ஏறுவது நமக்கு வெறும் பயணமாக இருந்ததில்லை. 1893இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி வில்வண்டி ஒன்றை விலைக்கு வாங்கி, நம் மக்கள் நடக்கவே தடை இருந்த பொதுச் சாலையில் ஓட்டிக் காட்டினார். 1901இல் சிறுவன் அம்பேத்கர் தன் அப்பாவைப் பார்க்க கோரேகாவுக்குப் புறப்பட்டு மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார். சாதி தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர் எவரும் ஏற்ற முன்வரவில்லை. கடைசியில் இரட்டிப்புக் கூலி பேசி, பிள்ளைகளே வண்டியை ஓட்டுவது, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவது என்று முடிவானது. கூலிக்குத் தீட்டில்லை, கூட உட்கார்வதற்குத்தான் தீட்டு.

1929இல் அதே அம்பேத்கர் பாரிஸ்டர். ஒடுக்கப்பட்டோரின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினர். சாலிஸ்காவில் அவரை ஏற்றிக்கொண்டு ஓட்ட குதிரைவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத மகர் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் சக்கரம் சிக்கி, அம்பேத்கர் கல் தளத்தில் தூக்கி எறியப்பட்டார், கால் முறிந்தது. இந்த இரண்டு சம்பவங்களையும் அவரே தம் தன்வரலாற்றுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். முப்பது ஆண்டுப் படிப்பும் பட்டமும் பதவியும் ஒரு குதிரைவண்டிக்காரரிடம் செல்லவில்லை.

சென்னை மாகாணத்தில், பொதுச் சாலையும் தெருவும் கிணறும் குளமும் எல்லாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார். தாளில் சாலை நம்முடையதாகி நூறு ஆண்டு கடந்துவிட்டது. ஆனால் தென் மாவட்டங்களின் பல ஊர்களில், ஊர்த்தெரு வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற எழுதாத சட்டம் அதற்குப் பிறகும் வெகுகாலம் செல்லுபடியானது. எங்கள் அப்பாவும் முதல் சில மாதங்கள் இன்ஜினை அணைத்து, ஊர்த்தெரு நீளத்துக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். அட்டைக் கட்டு ஏற்றிய வண்டியைத் தள்ளுவது லேசான காரியமல்ல. ஒரு மழைநாளில் இறங்காமலே ஓட்டி வந்தார். மறுநாள் காலையில் பின்டயர் கிழிந்து கிடந்தது. டயரை மாற்றிவிட்டு மறுபடியும் ஏறியே போனார்.

1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்தபோது எதையெல்லாம் குறிவைத்தது என்பதை நினைத்துப் பாருங்கள். டிராக்டர், மோட்டார் வண்டி, டிவி, மின்விசிறி எல்லாம் நொறுங்கின. படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் தீயில் போடப்பட்டன. உழைத்துச் சேர்த்த பொருள்மீதும், பெயர் எழுதிய தாள்மீதும் ஒரே நேரத்தில் அந்தக் கோபம் இறங்கியது.

2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வண்டியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஏறிப் போவதைத் தடுத்தால், செருப்பும் புத்தாடையும் அணிவதைத் தடுத்தால், ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. தேவை இல்லாமல் ஒரு வரியைச் சட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதே காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

பிரித்துப் பூட்டிய கதை

இந்தப் பின்னணியோடுதான் நாங்கள் ஸ்பேனரைக் கையில் எடுத்தோம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு பட்டாசு ஆபீஸுக்குப் போகும் தம்பி ஒருவர், சரவெடி பின்னும் பக்கத்து வீட்டு மதினி, செருப்புத் தைக்கும் அருந்ததியர் பெரியவர் ஒருவர், எங்கள் வீட்டார் என்று எல்லாரும் சேர்ந்த வேலை.

பத்து ஆண்டுக்கு மேல் சுவரோரம் கிடந்த வண்டி. பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகியிருந்தது. சுத்தியலைத் தொடாமல், பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஐந்து நாள் அப்படியே விட்டோம். ஆறாம் நாள் மேக்னட்டைக் கையால் மெல்லத் திருப்பியதும் இளகிக் கொடுத்தது. உள்ளே கீறல் இருந்ததால் லேத்துக்குக் கொண்டுபோய் போர் செய்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டோம். கழற்றிய நட்டு, போல்ட்டுகள் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க, காலிப் பட்டாசுப் பெட்டிகளில் பாகத்தின் பெயரெழுதிப் போட்டு வைத்தோம். நம் ஊரில் அட்டைப் பெட்டிக்கா பஞ்சம்?

டேங்க் முழுக்கத் துரு. புளிக்கரைசலும் ஒரு கை சிறு ஜல்லியும் போட்டுக் குலுக்கி, இரண்டு நாள் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மறுபடி துரு பிடிக்குமுன் உள்ளே ஆயில் ஓட்டினோம். கார்ப்பரேட்டர் ஜெட்டில் அடைப்பு இருந்தால் ஊசியால் குத்தக் கூடாது, காற்று ஊதித்தான் எடுக்க வேண்டும். துளை சற்றுப் பெரிதானாலும் வண்டி பெட்ரோலைக் குடித்துத் தீர்த்துவிடும்.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு சைலன்சரில் கரி அடைக்கும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி எடுப்பது வழக்கம். எங்கள் தெருவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று முதல் நாளே முடிவு செய்தோம். பட்டாசு ஆபீஸ் போய் வருகிறவர்களின் உடுப்பில் அலுமினியப் பொடி ஒட்டியிருக்கும் தெரு இது. அதனால் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டு, காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்துக் கரியை எடுத்தோம். அந்தக் கரைசல் அலுமினியத்தை அரித்துவிடும் என்பதால் இன்ஜின் பக்கமே கொண்டுபோகவில்லை. பெட்ரோலில் பாகம் கழுவும் வேலையெல்லாம் பகலில், திறந்த வெளியில், அடுப்புக்கு எட்டாத தூரத்தில்.

மேக்னட்டுக்குள் மயிரிழைபோல இருந்த கம்பிகளைச் சரிசெய்தது மதினியின் விரல்கள். திரி பின்னிப் பழகிய விரல்களுக்கு அது பெரிய வித்தையாக இல்லை. பாயிண்டைத் தேய்த்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து, புது கண்டன்சர் போட்டதும் பிளக்கில் நீலப் பொறி வந்தது. மருந்து அறைக்குள் இரும்புக் கருவி கொண்டுபோகக் கூடாது, உரசினால் பொறி பறக்கும் என்று தினமும் கேட்டு வேலை செய்கிறவர்கள் சுற்றி நின்று அந்தப் பொறியைப் பார்த்தார்கள். "அங்க பொறி பறந்தா உசுரு போகும், இங்க பொறி பறந்தாத்தான் உசுரு வருது" என்றார் மதினி.

சீட்டுக்குப் பெரியவர் புது ரெக்சின் தைத்துக் கொடுத்தார். ஓரத்தில் அவர் போட்ட இரட்டைத் தையலைக் கடைச் சீட்டில் பார்க்க முடியாது. அந்தக் காலத்தில் ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர் அவர். டேங்க் ஸ்டிக்கரை சிவகாசி அச்சகம் ஒன்றிலேயே அடித்து வாங்கினோம். லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் கலந்து பெட்ரோல் ஊற்றி மிதித்தபோது, நாற்பதாம் நாள் வண்டி கிளம்பியது.

ஓடத் தயார், இறங்க வழி?

கிளம்பிய வண்டி முற்றத்தைத் தாண்டவில்லை. புது இருசக்கர வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 300 ரூபாயாக இருந்த புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு கடந்த வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி.

பழம்பெரும் வண்டிகளுக்கென்று 2021இல் தனி விதி வந்ததே என்று சிலர் கேட்கலாம். அது 50 ஆண்டு கடந்தவற்றுக்கு மட்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், தினசரி ஓட்டவும் கூடாது. முதல் டிவிஎஸ் 50-க்கே 2030இல்தான் ஐம்பது நிறைகிறது. அந்த விதி சேகரிப்பவர்களுக்கானது. வேலைக்குப் போக வண்டி வேண்டியவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

எங்களுக்குக் கட்டணத்தைவிடப் பெயர்தான் பெரிய தடை. புத்தகத்தில் உள்ளவர் இறந்துவிட்டதால் அவருடைய வாரிசு முதலில் படிவம் 31 வழியாகத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். பிறகு 29, 30 படிவங்களில் எங்களுக்கு எழுதித் தர வேண்டும். கடைக்காரரின் மகனைப் போய்ப் பார்த்தோம். "இந்தப் பழைய வண்டிக்குப் போய் ஆபீஸ் படி ஏறணுமா சார்? இரும்புக் கடையில போட்டுருங்க" என்றார். அப்பாவுக்கு 'நீ', எங்களுக்கு 'சார்'. காலம் அவ்வளவு மாறியிருக்கிறது. கையெழுத்து மட்டும் இரண்டு தலைமுறைக்கும் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை போனபோது, எதற்காகக் கேட்கிறோம் என்பதை உட்கார்ந்து பேசினோம். தன் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகலை எடுத்துக் கொடுத்து, படிவத்திலும் கையெழுத்திட்டார். மனு இப்போது நிலுவையில் இருக்கிறது.

பெயருக்கு ஏன் இத்தனை பாடு? விபத்து நடந்தால் சட்டம் முதலில் பார்ப்பது புத்தகத்தில் யார் பெயர் என்பதைத்தான். காப்பீடும் இழப்பீடும் கடனும் அந்தப் பெயரைச் சுற்றியே வரும். நம் மாவட்டத்துக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் என்று நாம் தேதி வைத்து நினைவுகூரும் சாவுகள் ஏராளம். காலையில் வேலைக்குப் போனவர் திரும்பாத வீட்டில் அவர் பெயரிலான வண்டி நிற்கும். வண்டியைப் பயன்படுத்தும் வாரிசு 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுக்க வேண்டும். அழுது ஓய்வதற்குள் அந்த நாட்கள் கடந்துவிடுகின்றன. பிறகு அந்த வண்டியும் சுவரோரம் சாய்கிறது, இரும்புக் கடைக்குப் போகிறது.

இதற்கு முன்கூட்டியே ஒரு வழி உண்டு. 2021இல் விதி திருத்தப்பட்டதிலிருந்து ஆர்.சி.யில் நியமனதாரர் பெயரைச் சேர்க்கலாம். மனைவி பெயரோ, அம்மா பெயரோ, மகள் பெயரோ போட்டு வையுங்கள். தவணை கட்டி முடித்தவர்கள் நிதி நிறுவனத்திடம் படிவம் 35-இல் கையெழுத்து வாங்கி, புத்தகத்திலிருந்து கடன் குறிப்பை நீக்குங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பணத்தின் கடைசித் தவணையைப் பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்து விழுந்த பிறகே கொடுங்கள். இளைஞர்கள் கூடும் மன்றங்களில் மாதம் ஒரு மாலையை இந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுக்க ஒதுக்கலாம்.

அய்யன்காளி அந்த வில்வண்டியை இரவல் வாங்கவில்லை, விலைக்கு வாங்கினார். சாலையில் போகும் உரிமையைச் சொந்த வண்டியில் ஏறிக் கேட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் துடைக்கும்போது புத்தகத்தையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இல்லையென்றால், திங்கட்கிழமைக்கு ஒரு வேலை இருக்கிறது.