கைகளை எண்ணுவது தலைமை அன்று

லிந்துலையில் பொழுது புலர்கிறது. பெரட்டுக் களத்தில் பெயர் வாசிக்கப்படுகிறது. நிரைகள் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. கூடைகளைச் சுமந்து பெண்கள் மலையேறுகிறார்கள். இருபது பேர் கொழுந்தெடுக்கும் மலையில் நாற்பது பேர் இறங்கினால், வேலை ஏறக்குறைய பாதிப் பொழுதில் முடிந்துவிடும். இது தோட்டத்துச் சிறுவரும் அறிந்த கணக்கு.

கணினிக்கு மென்பொருள் ஆக்கும் தொழிலில் இக்கணக்குச் செல்லுமா? செல்லாது என்று தம் அனுபவத்தால் கண்டு கூறியவர் அமெரிக்க அறிஞர் பிரெட் புரூக்ஸ். 1960களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்.360 என்னும் பெரிய மென்பொருட் பணிக்குத் தலைமை வகித்தவர் அவர். காலந்தாழ்ந்துவிட்ட மென்பொருட் பணியில் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாழும் என்பது 1975இல் அவர் வெளியிட்ட நூலின் முடிபு.

காரணம் எளிது. புதியவருக்குக் கற்பிக்கப் பழையவர் தம் வேலையை நிறுத்த வேண்டும். மேலும், ஒருவர் எழுதும் பகுதி மற்றவர் எழுதும் பகுதியோடு இசைய வேண்டுமாதலால், ஒவ்வொருவரும் ஏனையோருடன் கலந்து பேச வேண்டும். ஐவர் உள்ள குழுவில் இருவர் இருவராகப் பேசும் வழிகள் 10. பதின்மர் ஆனால் அவை 45. ஆட்கள் இருமடங்காக, பேச்சோ நான்கு மடங்குக்கு மேல் பெருகிவிடுகிறது!

ஆயின் தலைவர் செய்ய வேண்டுவது யாது? ஆட்களைக் குவிப்பதைவிட, இருப்பவர்களை வளர்ப்பதே அவர் முதற் கடன். தமிழ்நாட்டில் ஸ்ரீதர் வேம்பு முதலியோர் 1996இல் தொடங்கிய நிறுவனம் இன்று ஸோஹோ என்று உலகறியப் பெற்றுள்ளது. பட்டம் பெற்றவரை மட்டுமே தேடாமல், பள்ளிப் படிப்போடு நின்ற இளைஞரையும் சேர்த்து, கட்டணமின்றி, உதவித்தொகையும் அளித்துப் பயிற்றும் பள்ளியை அந்நிறுவனம் நடத்துகிறது. பெருநகரை விட்டுத் தென்காசிப் பகுதியில் அலுவலகம் அமைத்ததும், அங்கிருந்தே உலகச் சந்தைக்குரிய மென்பொருளை உருவாக்கியதும் அதன் சாதனைகளாகும். நாற்றங்காலில் பேணிய கன்றே மலையில் வேரூன்றும் என்பதை நம்மவர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

இரண்டாவது கடன், அச்சத்தைப் போக்குதல். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும்போது நேர்ந்த பிழையை மறைத்துவிட்டால், பின்னர் எத்துணைத் திறமையாக அரைத்தாலும், பதமாகக் காய வைத்தாலும் தூளின் தரம் மீளாது. மென்பொருளும் அத்தகையதே. பிழையை அன்றே சொன்னவனுக்கு ஏச்சுக் கிடைக்குமானால், மறுநாள் எவனும் வாய்திறவான். கூகுள் நிறுவனம் 2012இல் தொடங்கித் தன் குழுக்கள் ஏறத்தாழ 180ஐ ஆராய்ந்தது. அறியாததைக் கேட்கவும் தவற்றை ஒப்புக்கொள்ளவும் அஞ்ச வேண்டாத நிலையே சிறந்த குழுக்களின் முதன்மையான இயல்பு என்று அந்த ஆய்வு கண்டது.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என மேலிருந்து கீழிறங்கும் கட்டளையையே தலைமுறை தலைமுறையாகத் தலைமை என்று கண்டு பழகியவர்கள் நாம். நம் பிள்ளைகள் கணினி கற்று நாளை ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்கும்போது, அந்தப் பழைய குரலையே தாமும் எடுத்துக்கொண்டால், கற்ற கல்வியால் பயன் என்ன?

மாணவர்களே! இன்றே தொடங்கலாம். மூவர் கூடி, உங்கள் பாடசாலை நூலகத்தின் இரவல் கணக்கைப் பேணும் சிறு மென்பொருள் ஒன்றை ஆக்கிப் பாருங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துப் பிழை காட்டட்டும். காட்டியவருக்கு எழுதியவர் நன்றி சொல்லட்டும். பெற்றோர்களே! பிள்ளை தவற்றை ஒப்புக்கொண்டு வந்து நிற்கும்போது, கையை ஓங்காமல் காது கொடுங்கள். நல்ல தலைவர் உருவாகும் முதற் பள்ளி நம் வீட்டு அடுப்பங்கரையே.