தனித்தனியாகப் படித்தவர்கள் சேர்ந்து காப்பாற்ற வேண்டும்

பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். ஜல்லிக்கட்டு நடக்கும் மூன்று நாளும் களத்துக்குப் பக்கத்திலேயே மருத்துவ முகாம் இருக்கும். மாடு குத்தியவருக்கு அங்கே முதலுதவி. காயம் ஆழமென்றால் ஆம்புலன்ஸில் ஏற்றி மதுரை பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அறுவை அரங்கைச் சேர்வதற்குள் அந்த ஒருவர் எத்தனை பேர் கை மாறுகிறார்! முகாம் டாக்டர், ஆம்புலன்ஸ் உதவியாளர், அவசரப் பிரிவு நர்ஸ், மயக்க மருந்து டாக்டர், சர்ஜன், ரத்த வங்கிப் பணியாளர். அவரவர் வேலையில் எல்லோரும் தேர்ந்தவர்கள்தான். ஆனால் படிக்கிற காலத்தில் இவர்கள் பெரும்பாலும் ஒரே அறையில் உட்கார்ந்து பயின்றதில்லை. டாக்டருக்கு ஒரு கல்லூரி, நர்ஸுக்கு ஒரு கல்லூரி. நோயாளி கை மாறும்போது தகவல் தவறிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் குறையை மருத்துவர்களுக்கு முன்பே உணர்ந்தவர்கள் விமானத் துறையினர். 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவின் ஓடுதளத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே உள்ள விமானம் இன்னும் விலகவில்லையோ என்று ஒரு விமானத்தின் பொறியாளர் சந்தேகம் கேட்டார். அந்த விமானத்தின் மூத்த கேப்டன் அதைத் தள்ளிவிட்டார். அதன்பிறகு விமானம் ஓட்டுவதோடு, ஒருவர் பேச்சை ஒருவர் காதுகொடுத்துக் கேட்பதையும் சிமுலேட்டரில் பழக்கினார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மயக்க மருந்து நிபுணர் டேவிட் காபா அந்த முறையை அறுவை அரங்குக்குக் கொண்டுவந்தார்.

நம் ஊர்களில் இப்படிச் சேர்ந்து பழகும் ஒத்திகை அதிகம் தேவைப்படும் இடம் பிரசவ அறை. அங்கே ஓர் ஒத்திகை எப்படி நடக்கும் என்று பார்ப்போம். நர்ஸ் ஒருவரே தாயாக நடிக்கிறார். குழந்தை பிறந்தாயிற்று. சிவப்புச் சாயத் தண்ணீர் விரிப்பில் கசிகிறது, நிற்கவில்லை. "யாராவது ஆக்ஸிடோசின் போடுங்க" என்கிறார் டாக்டர். அறையில் நான்கு பேர். ஒருவர் போட்டிருப்பார் என்று மற்றவர் நினைக்க, யாருமே போடவில்லை. இரண்டாம் முறை டாக்டர் பெயரைச் சொல்லி, மருந்தையும் அளவையும் சொல்கிறார். அந்த நர்ஸ் அதைத் திருப்பிச் சொல்கிறார். செலுத்தியதும், "போட்டாச்சு டாக்டர்" என்கிறார். இன்னொருவர் கடிகாரம் பார்த்து நேரம் குறிக்கிறார். வேறொருவர் கர்ப்பப்பையை அழுத்திப் பிசைகிறார். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் ஏறுகிறது.

ஒத்திகையைவிட அதன் பிறகான அலசல்தான் நீளம். என்ன நடந்தது, எது தாமதமானது என்பதுதான் அங்கே கேள்வி. யார் தப்பு என்று யாரும் கேட்பதில்லை. மருந்து பூட்டிய அலமாரியில் இருந்ததும், சாவி வேறு ஷிப்ட்காரரிடம் போனதும் இப்படித்தான் வெளியே வரும். "டாக்டர், ரத்தம் நிக்கலை, எனக்குப் பயமா இருக்கு" என்று இளைய நர்ஸ் மூத்தவரிடம் சத்தமாகச் சொல்லிப் பழகுவதும் இங்கேதான். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கப்பட்ட நமக்கு மருந்தின் அளவை மனப்பாடம் செய்வதைவிட இதுதான் கடினம் என்று நினைக்கிறேன்.

பலன் உண்டா? கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை வைத்து நடந்த இ-மோட்டிவ் ஆய்வு 2023இல் வெளியானது. ரத்த இழப்பை அளக்கும் கோடு போட்ட விரிப்பு, ஒரே வீச்சில் தரப்படும் சிகிச்சைத் தொகுப்பு, இவற்றோடு மருத்துவமனையிலேயே ஒத்திகைப் பயிற்சி. மூன்றும் சேர்ந்தபோது கடுமையான ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, மரணம் ஆகியவை சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. ஒத்திகையின் பங்கை மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் விரிப்பையும் மருந்தையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் இத்தனை பலன் வந்திருக்காது என்பது என் துணிபு. அப்படிப்பட்ட அளவு விரிப்பு ஒன்று கர்நாடகத்தின் பெல்காமில் உருவாகி, 2006இல் வெளியான ஆய்விலேயே பயன்பட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இந்த ஒத்திகைக்குப் பல லட்ச ரூபாயில் நோயாளிப் பொம்மை வேண்டும் என்று நினைப்பது தவறு. பிகாரின் அரசு சுகாதார நிலையங்களில் நடந்த பயிற்சியில், பிரசவத்தை நடித்துக்காட்ட ஏற்றபடி தைத்த சாதாரண அறுவை அரங்கு கால்சட்டையை ஒரு பெண் அணிந்துகொண்டார். பயிற்சி, நர்ஸுகள் தினமும் வேலை பார்க்கும் இடத்திலேயே நடந்தது.

மருத்துவக் கல்லூரிகளில் திறன் பயிற்சிக் கூடம் இருக்க வேண்டும் என்பது இப்போது விதி. அந்தக் கூடத்துக்குள் நர்ஸிங் மாணவிகளையும், மருந்தாளுநர் மாணவர்களையும், ஆம்புலன்ஸ் ஊழியர்களையும் மருத்துவ மாணவர்களோடு சேர்த்து அழைக்க மதுரையில் என்ன தடை? மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் அரசு மருத்துவமனைகளுக்குப் புதுக் கட்டடம்கூடத் தேவையில்லை. ஒரு விரிப்பு, ஒரு வாளி சாயத் தண்ணீர், மாதம் ஒரு மணி நேரம் போதும். டீன்களும் தலைமை மருத்துவர்களும் இதைப் பணிநேரத்துக்குள்ளேயே ஒதுக்கித் தர வேண்டும். ஒத்திகையில் முதல் ஆளாக அவர்களும் நிற்க வேண்டும்.